வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்தரை வருடம் படுக்கையில் இருந்தார். திருச்சியில் எங்கள் வீட்டில் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன்பு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. கணக்குப் பிள்ளை புத்தி போகாததால் அப்பாவுக்கு ஆன ஒவ்வொரு ரூபாயையும் நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் செய்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே. சட்டமும் திட்டமும் பெரும்பாலும் தமிழ்நாட்டை மனதில் வைத்துச் சொன்னவை.

வீட்டில் வைத்துத்தானே பார்க்கிறோம், ஆஸ்பத்திரி பில் கூட இல்லையே. இதில் என்ன பெரிய செலவு?

என் நோட்டில் ஒரு மாதத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். டயபர் ஒன்று 35 ரூபாய், நாளைக்கு மூன்று, மாதம் 3,150. மருந்து 2,400. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு 300, மாதம் பன்னிரண்டு தடவை, 3,600. யூரின் பேக், கையுறை, பஞ்சு, டெட்டால் என்று 700. செக்கப்புக்குப் போய்வர ஆட்டோ 600. மொத்தம் 10,450 ரூபாய். அப்பாவின் ஓய்வூதியம் 14,000. அண்ணனும் தம்பியும் இதைப் பார்த்துவிட்டு, "பென்ஷன்லயே சரியாப் போயிடுதே" என்றார்கள்.

சரிதான், ஒரு வரி விட்டுப்போயிருந்தது. வேலையை விடும்போது என் சம்பளம் 17,000. அதை அடுத்த மாதத்திலிருந்து செலவுப் பக்கத்தில் முதல் வரியாக எழுத ஆரம்பித்தேன். மொத்தம் 27,450 ஆனது. பென்ஷனில் எப்படிச் சரியாகப் போகும்?

நாடு முழுக்க இந்த ஒரு வரியைத்தான் எழுதாமல் விடுகிறோம். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள், அதற்கு நாளைக்குச் சராசரியாக 140 நிமிடம் செலவாகிறது. ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம். இதில் குழந்தை வளர்ப்பும் சேர்த்திதான். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் 140 நிமிடம் காலைக் குளியலுக்கும் துணி மாற்றுவதற்குமே போய்விடும்.

ஆக, முதல் வேலை ஒரு நோட்டு. இரண்டு ரூபாய் ஊசி வாங்கினாலும் எழுதுங்கள். உங்கள் சம்பள இழப்பையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா?

விடாமல் இருக்க முடிந்தால் விடாதீர்கள். நான் விட்டேன், அவசரப்பட்டு விட்டேன். அப்பாவுக்கு வந்த முதல் வாரத்தில் எடுத்த முடிவு அது. முதல் மூன்று மாதம்தான் ராத்திரி பகல் தெரியாமல் ஓடும். அப்புறம் ஒரு ஒழுங்கு வந்துவிடும். அந்த மூன்று மாதத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, நான் கேட்கவே இல்லை.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ள என்று தனியாக ஒரு விடுப்பு நம் சட்டத்தில் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கே இல்லை. 2025 ஜூலையில் மாநிலங்களவையில் இதைப் பற்றிக் கேட்டபோது, வருடத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றையே பெற்றோரைப் பார்ப்பதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பதில் வந்தது. தனியாரில் எல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது.

விட்டே ஆகவேண்டும் என்றால் தேதியைப் பார்த்து விடுங்கள். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் பணிக்கொடை. இரண்டு மாதம் பாக்கி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். பி.எஃப். சேர்ந்து பத்து வருடப் பணி இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். பத்துக்கு முன்பே நிற்பவர்கள் அந்த ஓய்வூதியப் பணத்தை உருவிவிடாமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு வேறு வேலைக்குப் போகும்போது பழைய வருடங்கள் கூடச் சேரும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் உருவிவிட்டேன்.

இன்னொன்று இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் இருப்பார்கள். வருமானமில்லாத பெற்றோரும், மாதம் 9,000 ரூபாய்க்கு உட்பட்ட வருமானமுள்ள பெற்றோரும் அதில் சிகிச்சை பெறலாம். வேலையை விடும்போது அவர்களுக்கான மருத்துவமும் சேர்ந்து போகிறது என்பதை மனதில் வையுங்கள்.

கூடப்பிறந்தவர்களிடம் பணம் எப்படிக் கேட்பது? சண்டைதான் வருகிறது.

வரும். எங்கள் வீட்டிலும் வந்தது.

27,450 என்று எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பென்ஷன் 14,000-ல் மருந்தும் டயபரும் போக மிச்சம் அம்மா, அப்பா சாப்பாட்டுக்கு. என் சம்பளம் 17,000 போனதை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 5,600 ரூபாய் ஏற்றுக்கொள்ளலாம், என் பங்கை நான் ஏற்கிறேன், நீங்கள் இருவரும் உங்கள் பங்கை அனுப்புங்கள் என்று எழுதினேன். அண்ணன் உடனே போன் செய்தார். "பெத்த அப்பனைப் பாத்துக்கச் சம்பளம் கேக்கறியா?" என்றார். அன்றைக்கு நான் அழுததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

மறுநாள் அண்ணிதான் பேசினார், என்னிடம் இல்லை, அண்ணனிடம். "ஒரு ஆள் வச்சா மாசம் எவ்வளவுன்னு விசாரிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசுங்க." அண்ணன் விசாரித்தார். ராத்திரி பகல் வீட்டோடு தங்கும் ஆளுக்கு 22,000, சாப்பாடு தனி, ஏஜென்சிக்குக் கமிஷன் தனி. அடுத்த மாதம் முதல் தேதி 5,600 வந்தது. தம்பி முதல் நாளே அனுப்பிவிட்டான், அவன் எப்போதும் அப்படித்தான்.

அதனால் நான் சொல்வது: "உதவி பண்ணு" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் முடிந்தபோது செய்வது, தீபாவளிக்குச் செய்வது. பங்கு என்று கேளுங்கள். பணம் தர முடியாதவர் நாளைத் தரட்டும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து பார்த்துக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருப்பவர் மருந்தை ஆன்லைனில் வாங்கி அனுப்பும் பொறுப்பை எடுக்கட்டும். வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள், மூக்கில் குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கு. அதற்குப் பதில் ஒரு பாக்கெட் டயபர் வாங்கி வரச் சொல்லலாம், தப்பே இல்லை.

கணவர் வெளியூரில். மாமனாரை நான்தான் பார்க்கிறேன். மருமகளுக்குச் சட்டப்படி கடமை உண்டா?

2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்த வரையறையில் இல்லை. 2019-ல் வந்த திருத்த மசோதா மருமகன், மருமகளைச் சேர்க்கப் பார்த்தது, அது சட்டமாகவில்லை. பெரும்பாலான வீடுகளில் வேலை செய்வது சட்டத்தில் பெயரே இல்லாத அந்த ஆள்தான்.

பணம் தராத பிள்ளைகள் மேல் அந்தச் சட்டத்தில் புகார் செய்யலாமா?

செய்யலாம். மனு கொடுக்க வேண்டியது பெற்றோர். முடியாத நிலையில் இருந்தால் அவர் அனுமதிக்கும் இன்னொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். வக்கீல் தேவையில்லை. மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் தர உத்தரவிடலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசிக் கேளுங்கள்.

கோட்டாட்சியர் அலுவலகம் வரை போன குடும்பம் அதற்குப் பின் பொங்கலுக்கு ஒன்றாக உட்காராது, அதுவும் உண்மை. ஆனால் வாடகை கொடுக்க முடியாமல் நிற்கும்போது அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆள் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகுமா?

உங்கள் சம்பளம் ஆளுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றாலும் வைப்பதே நல்லது என்பது என் கட்சி. இந்த மாதம் மிச்சம் இல்லாவிட்டாலும் பி.எஃப். ஓடும், பணி அனுபவம் ஓடும், நாற்பத்தாறு வயதில் வேலை தேடி அலையும் நிலை வராது.

முழு நேரம் வேண்டியதில்லை. காலையில் இரண்டு மணி நேரம் வந்து குளிக்க வைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போகும் ஒருவர் கிடைத்தாலே பாதி பாரம் இறங்கும். ஹோம் நர்ஸ் என்று சொல்லி ஏஜென்சிகள் அனுப்பும் எல்லோரும் நர்சிங் படித்தவர்கள் அல்ல. ஊசி போடவும் குழாய் மாற்றவும் படித்தவர் வேண்டும், மற்றதற்கு அட்டெண்டர் போதும், விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. எங்களுக்கு ஒரு ஏஜென்சி ஒரு மாத முன்பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் ஆளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது. முன்பணத்துக்கு ரசீது வாங்காதது என் தப்பு.

மருந்து, டயபர் செலவை எப்படிக் குறைப்பது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டில் வந்து செய்வதும் அதில் சேர்த்திதான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். "நமக்கெல்லாம் எதுக்கு கவர்மென்ட் மாத்திரை" என்று நான் சில மாதம் வீம்பாக இருந்தேன். மாதம் 900 ரூபாய் வீதம் அந்த வீம்புக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நோட்டு சொல்கிறது.

அங்கே கிடைக்காத மருந்துக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகம், மாநில அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம் என்று மலிவு விலைக் கடைகள் இருக்கின்றன. டாக்டரிடம் பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கையில் சீட்டு இருந்தால் கடையில் வாதாட வேண்டியதில்லை.

டயபரைப் பகலில் குறைத்தோம். இரண்டு மணிக்கொரு தரம் பெட்பேன் வைத்தால் நாளைக்கு ஒன்றோ இரண்டோ மிச்சம். ஆனால் ஈரத்தில் படுக்க வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். படுக்கைப்புண் வந்தால் அந்த மிச்சத்தைப்போல் இருபது மடங்கு செலவாகும், வலி வேறு. ஏர் பெட் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மடக்குக் கட்டில், வீல்சேர், ஆக்சிஜன் கருவி எதையும் புதிதாக வாங்காதீர்கள், மாத வாடகைக்குக் கிடைக்கும். ஒருவர் இறந்த வீட்டில் சும்மா கிடக்கும் கட்டிலைக் கேட்டு வாங்கலாம். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மனதார நிம்மதியாகக் கொடுக்கிறார்கள்.

அரசு உதவித்தொகை ஏதாவது உண்டா?

பக்கவாதத்தால் கை கால் விழுந்தவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. "வயசான மனுஷர், அவரைப் போய் மாற்றுத்திறனாளின்னு எழுதணுமா" என்று அம்மா தயங்கினார். அரசு மருத்துவமனை முகாமில் சான்று வாங்கி, தேசிய அடையாள அட்டை வாங்கிய பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தோம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். பார்கின்சன் நோய் உள்ளவர்களும் இதில் வருவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று ஒன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அலுவலகத்தில் அதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 1,200 ரூபாய் வருவாய்த் துறை வழியாக வருகிறது. ஓய்வூதியமோ சொத்தோ இருக்கிற வீட்டுக்கு அது கிடைக்காது.

காப்பீட்டு அட்டை இருக்கிறது. வீட்டுச் செலவுக்குப் பயன்படுமா?

பயன்படாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கவேண்டும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. டயபருக்கும் அட்டெண்டருக்கும் எந்தக் காப்பீடும் லேசில் கொடுப்பதில்லை. பாலிசியில் "வீட்டிலேயே சிகிச்சை" என்று எழுதியிருந்தாலும் அது டாக்டர் மேற்பார்வையில் நடக்கும் சிகிச்சை, பராமரிப்பு அல்ல.

உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க வழியிருந்தால் சேருங்கள். தனியாக எடுக்கும் பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம், குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே உண்டு.

வருமான வரியில் ஏதாவது கழிக்கலாமா?

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். 60 வயது தாண்டிய பெற்றோருக்குக் காப்பீடே இல்லையென்றால், அவர்களுக்கு ஆன மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை 80டி பிரிவில் கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுத்தது சேராது. உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கு 80டிடி பிரிவில் 75,000, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இங்கேயும் உதவும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலும் புரியும்.

அப்பாவால் கையெழுத்துப் போட முடியவில்லை. வங்கியில் அவர் பணத்தை எப்படி எடுப்பது?

அவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைரேகை போதும். கை எழவில்லையா, கால் விரல் ரேகை கூடச் செல்லும். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்கவேண்டும். எங்கள் கிளையில் முதலில் "அப்படியெல்லாம் கிடையாது" என்றுதான் சொன்னார்கள். மேலாளரிடம் எழுத்தில் கேட்டதும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா கட்டைவிரலை மையில் வைக்கும்போது, ஒரு காலத்தில் அவர் எவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்கும் தபால்காரரே வீட்டுக்கு வந்து ரேகை எடுத்துக்கொள்வார்.

நினைவே தப்பிவிட்டால் சிக்கல். முன்பு கொடுத்த பவர் பத்திரமும் அப்போது செல்லாது. நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலராக நியமனம் வாங்கவேண்டும். 2024-ல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அனுமதி வாங்கினார். ஆகவே அப்பா பேசும் நிலையில் இருக்கும்போதே கணக்கை இருவரில் ஒருவர் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றி வையுங்கள்.

நகையை அடகு வைக்கலாமா?

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கலாம், தனிநபர் கடனைவிட வட்டி குறைவு. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு போல ஒரு தடவையோடு முடியும் செலவுக்கு மட்டும் வையுங்கள். மாதா மாதம் வரும் டயபருக்கும் மருந்துக்கும் அடகு வைத்தால் மீட்கவே முடியாது. மீட்டர் வட்டிக்காரர் பக்கம் போகவே வேண்டாம். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, வட்டிக்காரர்கள் இன்னும் தெருவில்தான் இருக்கிறார்கள்.

பார்த்துக்கொள்கிற எனக்கு வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். கேட்கலாம், ஆனால் எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். யாருக்கும் தெரியாமல் படுக்கையில் கிடப்பவரிடம் ரேகை வாங்கிய பத்திரம், அவர் காலத்துக்குப் பின் பத்து வருடம் கோர்ட்டில் கிடக்கும்.

செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுக்கும் பத்திரம், எழுதினால் வீடு உடனே உங்களுடையது. ஆனால் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி, பார்க்காமல் விட்டால் 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி ரத்து செய்ய முடியும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகவே படிக்கவேண்டும் என்றது. உயில் என்றால் அவர் காலத்துக்குப் பின்தான் உங்களுக்கு வரும், நடுவில் அவர் மாற்றவும் செய்யலாம். பெற்றவர் கையில் கடைசி வரை வீடு இருக்கட்டும் என்பதால் நான் உயில் பக்கம். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை, பதிந்து வைத்தால் நல்லது.

வீட்டு வேலைக்குச் சொத்தில் மதிப்பு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு தீர்ப்பில் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க மனைவி குடும்பத்தை நடத்தியிருந்தால், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு என்றது. அது மனைவிக்குச் சொன்னது, பெற்றோரைப் பார்த்த மகளுக்கு அல்ல. ஆனாலும் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை நான் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தேன்.

அவர் காலமான பிறகு எனக்கு என்ன வழி?

அப்பாவின் ஓய்வூதியத்தில் குடும்ப ஓய்வூதியம் முதலில் அம்மாவுக்கு. மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், அம்மாவுக்குப் பின் வருமானமில்லாத திருமணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கு 25 வயது தாண்டியும் வரும். அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் செய்யாமல் இருந்துவிட்ட மகள்கள் நிறையப் பேர், அவர்களில் பலருக்கு இது தெரியாது. மற்ற துறைகளுக்கு அந்தந்தத் துறையின் விதியைக் கேளுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நடுவில் இருக்கும் வருடங்களை மறைக்காதீர்கள். "2017 முதல் 2022 வரை: படுக்கையில் இருந்த தந்தையின் முழுநேரப் பராமரிப்பு, மருந்து, செலவுக் கணக்கு நிர்வாகம்" என்று எழுதினேன். மூன்று இடத்தில் அதைப் படித்துவிட்டுக் கூப்பிடவில்லை. நாலாவது இடத்தில் நேர்காணலுக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். நேர்காணல் செய்த அம்மா அதை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "டயபர் ஏன் இந்த மாசம் மட்டும் கம்மியா இருக்கு?" என்று கேட்டார். அந்த மாதம் அப்பா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார், சம்பளம் 15,000.